பார்த்தசாரதி ஒளித்து வைத்த கடைசி அத்தியாயம்

துறைமுக அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கும் பார்த்தசாரதி, பவானிபூர் வீட்டின் இரண்டாவது மாடியில், விடியற்காலை ஐந்து முதல் ஆறரை வரை, ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதி முடித்தார். தட்டச்சு செய்தது மனைவி கலா. கடைசி அத்தியாயத்தை மட்டும் அவளிடம் கொடுக்காமல், தாமே ஒற்றை விரலால் அடித்து ஒளித்து வைத்துக்கொண்டார். "அச்சில வந்ததும் படி" என்று ஒரே பிடிவாதம்.

சென்னைப் பதிப்பகம் ஒன்று, ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம் கேட்டது. அவர் அனுப்பியதில் முதல் முக்கால் பக்கம் மழை. மிச்சமிருந்த இடத்தில் தாரா என்ற பெண் ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கினாள். 'அவள் தேடி வந்தது கிடைத்ததா? விடை நாவலில்...' என்று மூன்று புள்ளி வைத்து நிறுத்தியிருந்தார். படித்துப் பார்த்தபோது அவருக்கே புல்லரித்தது.

பதிப்பகத்து பிரியங்காவுக்குப் புல்லரிக்கவில்லை. சனிக்கிழமை காலை போன் செய்துவிட்டாள்.

"சார், இது பின்னட்டைக்கு எழுதறது. சஸ்பென்ஸ் எல்லாம் காசு கொடுத்து வாங்கறவங்களுக்கு. எங்களுக்கு யாரு, அவளுக்கு என்ன வேணும், எது தடுக்குது, கடைசியில என்ன ஆச்சு, எல்லாம் தெரியணும். முன்னூறு நாவல் வந்து கிடக்கு. ஆறு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள அனுப்பினா உங்களோடதையும் எடுத்துப் பேசுவேன். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருடம் இன்னொரு முன்னூறு வருமே என்று கணக்குப் போட்டார். உட்கார்ந்து எழுதினார், நான்கு பக்கம் வந்தது. குறைத்துப் பார்த்தார், ஐந்தானது.

மத்தியானம், கீழ்வீட்டு பூர்ணிமா தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க மேலே வந்தார். இவர்களுக்கு அவர் 'பௌதி', அதாவது அண்ணி.

"என்ன தாதா, முகமே சரியில்லையே?" என்றார் வங்காளத்தில். அங்கே தாதா என்றால் அண்ணன்.

கலாவுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. "கதையைச் சுருக்கச் சொன்னாங்க பௌதி. இவரு வளர்த்துக்கிட்டிருக்காரு."

"எனக்குச் சொல்லுங்க. உங்க எழுத்தே தெரியாத எனக்குப் புரிஞ்சா, யாருக்கும் புரியும்."

பார்த்தசாரதியின் வங்காளம், கரியாஹாட் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான். "மழை" என்று ஆரம்பித்தார். மழையைப் பற்றி மேலே சொல்ல அவரிடம் சொல் இல்லை.

"சரி, மழை. தார்போர்?" அப்புறம் என்ன என்று கேட்டார் பௌதி.

"தாரா. பொண்ணு. தூத்துக்குடி. அப்பா கப்பல்ல போனார். திரும்பலை."

"தார்போர்?"

"தாரா பெரிசாச்சு. தேடி வந்தாள். அப்பா இங்கே. இட்லிக் கடை. வேற பொண்டாட்டி, வேற பிள்ளை."

"அடப்பாவி மனுஷா! தார்போர்?"

"தாரா தினமும் இட்லி சாப்பிடும். மகள்னு சொல்லணும். பயம். சொன்னா அந்த வீடு உடையும்."

பௌதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "தார்போர்?"

பார்த்தசாரதி கலாவை ஓரக்கண்ணால் பார்த்து வாயை மூடிக்கொண்டார். "அது... அச்சில வந்ததும்."

"நல்லா இருக்கே! நடு கங்கையில படகை நிறுத்தி இறங்கச் சொல்றீங்களே!"

கலா தமிழில் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருஷமா டைப் அடிச்சவ நான். எனக்கும் சொல்ல மாட்டீயளோ? சொல்லலைன்னா இன்னைக்குச் சோறு கிடையாது. பௌதி வீட்டுலயும் கிடையாது." வார்த்தை புரியாமலே பௌதி பலமாகத் தலையாட்டினார்.

இனித் தப்பிக்க வழியில்லை. மறுபடி வங்காளத்துக்குத் தாவினார்.

"தாரா ஊருக்குப் போற நாள். அப்பா பொட்டலம் கட்டித் தர்றார். ரயில்ல பிரிக்கிறா. இட்லி. சட்னி இல்லை. சர்க்கரை மட்டும்." விரலால் தூவிக் காட்டினார். "மூணு வயசுல அவ அப்படித்தான் சாப்பிடுவா. அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்."



"அப்போ அந்த மனுஷருக்குத் தெரிஞ்சிருக்கு!" என்றாள் கலா. பௌதி முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி பார்த்தசாரதியின் முழங்காலில் ஓர் அடி வைத்தார். "இதையா ஒளிச்சு வச்சீங்க?"

அவர் சொல்லச் சொல்ல, கலா ஒரு தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் குறித்திருந்தாள். பதினேழு வரி. அவர் வினைச்சொற்களை மட்டும் ஒழுங்காக முடித்து, ஐந்தே காலுக்கு அனுப்பினார்.

ஏழு மணிக்கு பிரியங்கா பேசினாள். "சார், கூட்டத்துல பெரிய சண்டை." பார்த்தசாரதி போனை மறு காதுக்கு மாற்றினார். "தாரா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வருவாளா மாட்டாளான்னு ரெண்டு கட்சி ஆயிட்டாங்க. ஜனவரி வெளியீட்டுப் பட்டியல்ல உங்க பேரைப் போட்டாச்சு. முழு நாவலையும் இப்பவே அனுப்புங்க."

"அவ வருவாளான்னா..." என்று இவர் உற்சாகமாக ஆரம்பித்தார்.

"ஐயோ, சொல்லிடாதீங்க சார்! அதை நாங்க படிச்சுக்கறோம்."

கலா அப்போது கீழ்வீட்டில் இருந்தாள். பார்த்தசாரதி மாடிப்படியில் பாதி ஓடி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த வங்காளத்தில் "ஹோயே கெச்சே!" என்று கத்தினார். ஆகிவிட்டது! கலா சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். அவள் பின்னால் பௌதி, பூஜை அறைச் சங்கை எடுத்து, வங்காளத்துக் கல்யாண வீடுகளில் ஊதுவதுபோல மூன்று முறை ஊதினார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "யாருக்குக் கல்யாணம்?" என்று ஒரு குரல் கேட்டது.