சாக்பீஸின் மறுபாதி

புது சாக்பீஸ் போர்டில் கிறீச்சிடுமே என்று இரண்டாக ஒடித்தேன். அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் இந்த வயதிலும் கண் ஜன்னல் பக்கம் போய்விடுகிறது.

குத்தாலத்தில் எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த எஸ்தர் டீச்சரும் இப்படித்தான் ஒடிப்பார். ஒரு பாதியால் கணக்கை எழுதிவிட்டு, மறுபாதியை எங்கள் பக்கம் நீட்டுவார். அவர் யாரையும் அடித்ததில்லை.

"தெரிஞ்சவங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? தெரியாதவங்க போர்டுக்கு வாங்க. அப்பதான் கணக்கு வரும்" என்பார். அதை அவர் மனதார நம்பினார்.

எனக்குக் கணக்கு வராது. கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படியும் அந்தப் பாதி என்னிடம்தான் வரும். வேர்த்த விரல்களில் அது மாவாகிப் பிசுபிசுக்கும்.

நான் டீச்சரானபோது, என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் பயப்படக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

இன்று ஒரு பாதியால் கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினேன். முதல் பெஞ்சில் மகாலட்சுமி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்னம்மா?"

"நான் நேத்தே போர்டுக்கு வந்துட்டேன் டீச்சர்."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மறுபாதியை அவளிடம் நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.