பச்சையில் இருந்த பாவா

அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே இரண்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அதே ஊரில் வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்து, சர்க்கார் கொடுத்த டேப் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. சின்ன வேலைதான். ஆனாலும் அந்த டேபைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும்.

நாங்கள் ஏற்றுவதையெல்லாம் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் சலித்துப் பார்க்கும். யாருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடும் என்று அதுவே கணித்து, அவர்கள் பெயரைச் சிவப்பில் அனுப்பும். அவர்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மற்றவர்கள் பச்சை. அவர்களை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு பாவா மாலை போட்டிருந்தார். காவடி எடுத்துத் திருத்தணி மலைக்குப் படியேறி வருவதாக வேண்டுதல். கிருத்திகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு நாள் காலை சாவு வீட்டில் மயங்கி விழுந்த பெண்ணுக்கு பி.பி. பார்த்துவிட்டு, அப்படியே அவர் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டும் பி.பி. பட்டையை எடுத்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சாவு வூட்ல கட்டுன பட்டைய மாலை போட்ட கையில கட்டுவியாம்மா? மலைக்குப் போய்ட்டு வர்றேன். அப்புறம் ரெண்டு கைலயும் கட்டிக்கோ."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. நானும் அதே ஊர்க்காரிதானே, தீட்டு தெரியாதா? ஆனால் டேபுக்குத் தீட்டு தெரியாது. எண் போடாமல் அதில் அடுத்த வீட்டுப் பக்கம் திறக்காது. நூற்றிருபதுக்கு எண்பது என்று போட்டேன். ஆள் இல்லாத வீட்டுக்கும், கை நீட்டாத ஆளுக்கும் நான் வழக்கமாகப் போடுவது அதுதான். பாவாவுக்கு அதற்கு முந்தின முறையும் அதைத்தான் போட்டிருந்தேன். அன்றைக்கு அவர் தறியில் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தார், நடுவில் எழுந்து வரமாட்டேன் என்றுவிட்டார்.

கிருத்திகைக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒரு வாரமா தல வலிக்குதுன்னு சொல்லிகினே இருக்காரு. காவடி தூக்கிகினு படியேறலாமா? உன் மிஷின்ல பாத்து சொல்லேன்."

பார்த்தேன். பாவா பெயர் பச்சையில் இருந்தது. இரண்டு முறையும் ஒரே அளவு, சீராக இருக்கிறது என்று காட்டியது. அந்த இரண்டு எண்ணும் என் விரல் போட்டவை என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அத்தனை பெரிய கம்ப்யூட்டர் சொல்கிறதே என்றுதான் நினைத்தேன்.

"பச்சையில இருக்காருக்கா. நாள் பூரா தறிச் சத்தம் கேட்டுகினு இருந்தா தல வலிக்காம என்ன பண்ணும்? தாராளமா போவட்டும்" என்றேன்.

கிருத்திகை அன்று மலையில் பாதிப் படி தாண்டியதும் பாவா உட்கார்ந்தார். காவடி தோளிலிருந்து நழுவியது. பக்கத்தில் வந்தவர்கள் சாமி வந்துவிட்டது என்று வழிவிட்டு, விபூதி பூசி, அரோகரா போட்டார்கள். வாய் கோணியதைப் பார்த்த பிறகுதான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாவாவின் போன் நம்பரைத் தட்டி, நான் ஏற்றியதைத் திறந்தார். பி.பி. இப்போது இந்த அளவு ஏறியிருக்கிறது, போன மாதம் சரியாக இருந்திருக்கிறதே என்று குழம்பினார். யார் பார்த்தது என்று கேட்டார்.

அக்கா அழுகைக்கு நடுவிலும் என் தோளில் கை வைத்தாள். "எந்தங்கச்சிதான் சார். வூட்டுக்கே வந்து விடாம பாத்துகினு இருந்தா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே கட்டிப் பாத்தீங்களா?"

அக்காவின் கை இன்னும் என் தோளில் இருந்தது.

"ஆங்" என்றேன்.

அவர் அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.