ஆறு அவுன்ஸ் ரப்பர் மீன்

தூண்டில் கடையில் விற்பவனுக்கு மீனைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நம்பித்தான் ஷார்ஜாவில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். தெரியாத சரக்கை விற்று வயிறு வளர்க்கும் சேல்ஸ்மேன் சகோதரர்களே, என் கதையைக் கேளுங்கள்.

ஊர் செய்த சிபாரிசு

நேர்முகத்தில் அர்பாப், அதாவது கடை முதலாளியான அரபி, கேட்ட ஒரே கேள்வி, எந்த ஊர் என்பது. கீழக்கரை, கடலோரம் என்றேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வியாபாரம்தான். எனக்கும் மீனுக்கும் உள்ள உறவு ஆணச் சட்டியோடு, அதாவது குழம்புச் சட்டியோடு சரி. அதை நான் சொல்லவில்லை. மூன்று மாதம் தேறினால்தான் விசா, இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். மகளை அப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருந்தேன். அர்பாப் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: "கலாஸ், முடிஞ்சது. கடல் ஊர்க்காரன் வந்துட்டான், இனி எனக்கு என்ன கவலை?"

யானையை இழுக்கும் கம்பு

இரண்டாம் மாதம் யோகன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான், ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். லீவில் கனடா போகிறார். அங்கே இருக்கும் அண்ணனைப் பார்த்துப் பதினெட்டு வருடம் ஆகிறதாம். அண்ணன் ஏரியில் பாஸ் மீன் பிடிப்பவர். ஒரு சாண் நீள ரப்பர் மீனைத் தூர எறிந்து, அது நீந்துவதுபோல இழுத்துப் பெரிய மீனை ஏமாற்றுவாராம். அதற்கு ஒரு தூண்டில் கம்பு வாங்கிப்போய்க் கையில் கொடுக்க வேண்டும்.

பெரிய மீன் என்று காதில் விழுந்ததும் கடையிலேயே தடியான கம்பை எடுத்து நீட்டினேன். படகில் இருந்து நேராகக் கீழே இறக்கி ஹமூர் என்கிற கனத்த கடல் மீனைத் தூக்குகிற குட்டைக் கம்பு அது. இதில் யானையையே இழுக்கலாம் அண்ணே என்று வேறு அளந்துவிட்டேன். அவர் அதை வளைத்துப் பார்த்தார். வளையவில்லை. அவர்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்று கூப்பிட்டார். "இழுக்கிறது பிறகு நானா. முதல்ல எறிய வேணுமெல்லோ?"

விலைச் சீட்டு

அடுத்து நீளமாய், ஒல்லியாய் ஒன்றைக் கொடுத்தேன். கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஆறு அவுன்ஸ் ரப்பர் மீனைக் கட்டி வீசினார். பாதி வீச்சில் கம்பு படாரென்று முறிந்தது. சத்தம் கேட்டு அர்பாப் வெளியே வந்தார். எனக்கு மகளின் முகம்தான் கண்ணில் வந்தது.

யோகன் முறிந்த துண்டைத் திருப்பி, கைப்பிடிக்கு மேலே நான் ஒட்டிய விலைச் சீட்டை நகத்தால் உரித்தார். அடியில் இரண்டு அவுன்ஸ் வரை என்று அச்சாகியிருந்தது. எவ்வளவு கனத்தை எறியலாம் என்று சொல்கிற அந்த ஒரே இடத்தில்தான், வழுவழுப்பாக இருக்கிறதே என்று, கடையில் உள்ள எல்லாக் கம்பிலும் நான் சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். அவர் சீட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டார். அர்பாபிடம், தனக்காக நான் கம்புகளைச் சோதித்துக் காட்டுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அர்பாப் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். யோகன் என் பக்கம் திரும்பினார். "விடுங்கோ நானா. இஞ்ச முறிஞ்சது நல்லது. அண்ணையின்ர கையில முறிஞ்சிருந்தா நான் என்னண்டு முகத்தைப் பார்க்கிறது?"

கனடாவிலிருந்து

அன்று மாலை வரை இருவரும் உட்கார்ந்து சீட்டுகளை உரித்தோம். கடைசியில் கிடைத்தது எட்டடிக் கம்பு. எட்டு அவுன்ஸ் தாங்கும். இரண்டு கையாலும் பிடித்து வீச நீளக் கைப்பிடி. அடி விறைப்பு, மேலே போகப்போக வளைவு. அவர் எறிந்த ரப்பர் மீன் காலி இடத்தைத் தாண்டி வேலியில் போய் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஏரிக்கரையில் நரைத்த தலைகள் இரண்டு, ஒரே கம்பை ஆளுக்கொரு கையால் பிடித்திருந்தார்கள். மீனைக் காணோம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். அதைக் கேட்டு யோகனுக்காக அன்று தொழுகையில் துஆ செய்தேன். "மீன் ஒண்டும் படேல்லை நானா. ஆர் எறியிறதெண்டு பின்னேரம் வரைக்கும் ரெண்டு பேரும் சண்டை. பதினெட்டு வருசத்துக்குப் பிறகு அண்ணை எனக்கு ஏசினவர், காது குளிர்ந்துபோச்சு."

எனக்கு விசா அடித்தாயிற்று, விலைச் சீட்டை இப்போது கைப்பிடிக்கு அடியில் ஒட்டுகிறேன், மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது மட்டும் இன்னும் ஆணச் சட்டியைத் தாண்டவில்லை.