கவ்வாத்து மலையில் ஒரு ராப் பாட்டு

சொந்தமாக ராப் பாட்டு எழுதி, அதைச் சிடியாகப் போட்டு, தோள்பையில் தூக்கிக்கொண்டு தானே விற்கப் போவது என்ன தொழில் என்று அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கவிதைப் புத்தகம் போட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர்களும் நம் கட்சிதான்.

இதில் முக்கியமான சங்கதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. அக்கரப்பத்தனை பஸ் கண்டக்டர் சொன்னார். அவருக்குப் பஸ்ஸில் வந்த பெண்கள் சொன்னார்களாம். அது கடைசியில் வரும். முதலில் என்னைப் பற்றி. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதல் பட்டதாரி நான். நியமனம் வரும்வரை தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. பல்கலைக்கழக விடுதியில் அறைத்தோழி வைத்திருந்த கேசட்டுகளைக் கேட்டு ராப்பும் ரெகேயும் தலைக்கேறி, ஒன்பது பாட்டு பாடினேன். தொகுப்பின் பெயர் ‘எம் பேரு பெரட்டுல இல்ல’. தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதுதான் பெரட்டு. அதுபோல என்னை நானே கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்கிற பாட்டுகள்.

நாலாவது பாட்டு அம்மாவைப் பற்றியது. அம்மா கொழுந்து பறிப்பவர். அவர் கேட்டுவிட்டு என்ன சொல்வார் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

பிந்தி விழுந்த கை

ஹட்டனில் கல்யாண வீடியோ எடுக்கும் செல்வம் அண்ணனின் கடைக்குப் பின்னால்தான் ஒலிப்பதிவு. சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருப்பார். மழை பெய்தால் தகரக் கூரையும் சேர்ந்து பாடும் என்பதால் மழை விடும்வரை காத்திருப்போம். ஹட்டனில் மழை விடுவதற்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

ரெகேயில் கிதார் தாளத்தின் மேல் விழாது, இரண்டு அடிக்கு நடுவில் விழும். அதுதான் அதன் அழகு. கிதார் வாசித்த அருள் மூன்று நாள் பழகி அதைக் கச்சிதமாக வாசித்துக் கொடுத்தார். நாலாம் நாள் போய்க் கேட்டால் ஒன்பது பாட்டும் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி நேராக நடக்கின்றன. செல்வம் அண்ணன் கண் சிவந்து, பெருமையாக உட்கார்ந்திருந்தார். “அருளு ஒவ்வொரு அடிக்கும் பிந்தித்தான் கைய வைக்கிறாப்ல, தங்கச்சி. ஒங்களுக்குச் சொல்லச் சங்கடமா இருக்குமேன்னு நானே கம்ப்யூட்டர்ல ஒண்ணொண்ணா இழுத்துச் சரி பண்ணிட்டேன்.”

அட்டைப்படம்

அட்டைப் படத்தில் கோபமாக, எதற்கும் அஞ்சாதவளாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடி முன் ஒரு வாரம் பழகினேன். ஹட்டன் சிடிக் கடையில் பத்து பிரதி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய்த் தேடினால் புதுப் பாடல் தட்டில் இல்லை. எல்லாம் விற்றுவிட்டது என்று எனக்குக் கால் தரையில் படவில்லை. பத்தும் பக்திப் பாடல் தட்டில், அம்மன் பாமாலைகளுக்கு நடுவில் இருந்தன. கடை முதலாளி கொஞ்சமும் தயங்கவில்லை. “மொகத்தப் பாத்தா வேண்டுதல் வைக்கிற மாதிரி இருந்துச்சும்மா.”

சோதனைச் சாவடி

கொழும்பில் ஒரு கடைக்கு நாற்பது சிடி கொண்டுபோனேன். போர் நடந்த அந்த நாட்களில் மலையகத்து அடையாள அட்டையோடு, ஒரு பை நிறையச் சிடியோடு, எதற்கும் நடுங்குகிற என் முகத்தோடு பஸ்ஸில் போவது புத்திசாலித்தனமில்லை. சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். இதில் என்ன இருக்கிறது என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டார். பாட்டு என்றேன். பாடு என்றார்.

தெருவோரம், பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என்னை நானே திட்டிக்கொள்ளும் முதல் பாட்டைப் பாடினேன். பயத்தில் இரண்டு மடங்கு வேகம் வந்துவிட்டது. நான் அந்தப் பாட்டை மிக நன்றாகப் பாடியது அன்றைக்குத்தான். சிப்பாய் பையின் வாயை மூடிக் கொடுத்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “நங்கி, தரஹ காத் எக்கத?” தங்கச்சி, யாரோட கோபம்?

முழுக்கக் கேட்டவர்

எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், பேசுவதைக் ‘கதைப்பது’ என்பவர், கர்நாடக சங்கீதம் தெரிந்தவர். நான் கேட்காமலே ஒரு சிடி வாங்கிக்கொண்டார். என்ன சொல்வாரோ என்று நான் மூன்று நாள் ஆசிரியர் அறைப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் படியில் பிடித்துவிட்டார். “பிள்ளை, முழுக்கக் கேட்டனான். வடிவாக் கதைச்சிருக்கிறீர். பாட்டு எப்ப துவங்கும்?”

திருவிழா

மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்து இளைஞர்கள் என் சிடியை ஸ்பீக்கரில் போட்டார்கள். நான் தடுத்தேன், போதிய பலத்தோடு தடுக்கவில்லை. நாலாவது பாட்டு வந்தபோது அம்மா கோயில் அருகில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். ‘கவ்வாத்து மலையில கொழுந்து பறிச்சா, கவலைய எல்லாம் சிரிப்புக்குள்ள மறைச்சா’ என்று என் குரல் லயங்கள் எல்லாவற்றுக்கும் கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு.

என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை. கவ்வாத்து என்ற சொல்லை அதன் சத்தத்துக்காகப் போட்டிருந்தேன். தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட வெட்டுவதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையில் மாதக்கணக்கில் ஒரு இலைகூட இருக்காது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும், “நீ மலைப்பக்கம் வராத, படி” என்று பதினெட்டு வருஷம் லயத்துக்குள் உட்கார வைக்கப்பட்டவளைத் தவிர. நான் இந்த மண்ணின் மகள் என்று அதே பாட்டில் நான்கு தடவை வேறு சொல்லியிருக்கிறேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏன்டி, கவ்வாத்து வெட்டுன மலையில என்னத்தடி பறிக்கிறது, அடிக்கட்டையவா?”

மாற்றிய வரி

அதன்பின் இரண்டு மாதம் அம்மா அந்தப் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பிட்டியா என்பார், குடை எடுத்தியா என்பார். மிச்ச சிடிகளைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். அப்போதுதான் கண்டக்டர், பஸ் படியில் தொங்கியபடியே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “டீச்சர், ஒங்க பாட்ட மலையில பாடுறாங்களாம். ஒரு வரிய மட்டும் யாரோ மாத்திப்புட்டாங்களாம், சண்டைக்குப் போயிறாதீங்க!”

மாரியாயி அக்காவிடம் போய் நின்றேன். அவர் பாடியே காட்டினார்: ‘கவ்வாத்து மலையில மிலாறு முறிச்சா, கவலைய எல்லாம் சிரிப்புக்குள்ள மறைச்சா.’ வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைதான் மிலாறு. பெண்கள் அதை முறித்துக் கட்டி விறகுக்குச் சுமந்து வருவார்கள். தாளம் கெடவில்லை, எதுகையும் கெடவில்லை. யார் மாற்றியது என்று கேட்டேன். அக்கா எங்கள் வீட்டுக் கதவைக் காட்டினார்.

அம்மா அடுப்படியில் இருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “ஒன்ன மலைக்கு வர விடாதது நானு. அப்ப அந்தப் பிழையும் என்னோடதுதான். நான்தானே திருத்தணும்?”

அம்மா மாற்றிய வரி நடந்ததுதானா என்று பிறகு தோட்ட ஆபீஸ் கிளாக்கரிடம் விசாரித்துப் பார்த்தேன். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த வருஷம் எங்கள் லயத்துக்கு மேலே உள்ள மலை கவ்வாத்து வெட்டப்பட்டது உண்மைதான். புகையில் படிக்க முடியவில்லை என்று அந்த வருஷம் முழுக்க நான் அம்மாவோடு சண்டை போட்டது அம்மா முறித்துச் சுமந்து வந்த அந்த மிலாறு எரிந்த புகைக்காகத்தான்.

ஆக, என் ஒன்பது பாட்டிலும் பிழையில்லாத வரி ஒன்றே ஒன்று, அதை நான் எழுதவில்லை.