கறுப்பு அங்கியும் 17பி குறிப்பாணையும்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், தினமும் மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை உலகம் அழிந்துகொண்டிருந்தது. அழித்தவர் கறுப்பு அங்கி போட்ட ஒரு தளபதி. தடுத்தவர் என் மனைவி. அவள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் யந்திரத்தைக் கொண்டுவந்தது என் மச்சினன். கப்பலில் இன்ஜினியர். சிங்கப்பூரில் வாங்கியதாகச் சொல்லி, எங்கள் மகனுக்காக ஒரு சாம்பல் நிறப் பெட்டியையும் நாலைந்து கேசட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஜப்பான்காரர்கள் செய்த விளையாட்டு, இங்கிலீஷில் மாற்றி எழுதியது. சுடுவதும் கார் ஓட்டுவதும் கிடையாது. ஒரு கதைக்குள் ஊர் ஊராக நடந்து, வாசித்து, சண்டை போட்டு, நாற்பது ஐம்பது மணி நேரத்தில் முடிக்க வேண்டும். மகனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு, பெட்டியைத் துடைத்து வைக்க எடுத்த என் மனைவி, துணியைக் கையில் வைத்தபடியே அதன் முன் உட்கார்ந்தாள். எழுந்தபோது இரவுச் சாப்பாட்டுக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை. மறுநாள் கிராஃப் நோட்டு ஒன்று வாங்கி, சுரங்கங்களுக்கு வரைபடம் போட ஆரம்பித்தாள்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். மாலை பஸ்ஸில் வீடு திரும்பி, குடையை ஆணியில் மாட்டிவிட்டு, காப்பி கிடைக்கும்வரை டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காப்பி கிடைக்க நேரமானதால் நிறையப் பார்க்க வேண்டியதாயிற்று.

கதை எல்லாக் கேசட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பத்து நிமிடத்தில் கதாநாயகனுடைய ஊர் எரிந்துபோகும். அவன் ராஜாவிடம் போவான். கோட்டை, படை, குதிரை எல்லாம் வைத்திருக்கும் ராஜா, அவனிடம் ஒரு மரக்கத்தியைக் கொடுத்து உலகத்தைக் காப்பாற்றச் சொல்வார். இந்த இடம் எனக்கு மிகவும் இயல்பாகப் பட்டது. வறட்சிக் கணக்கெடுப்புக்கு எங்களை அனுப்பும்போது ஆளுக்கு ஒரு பென்சிலும் அரை குயர் காகிதமும்தான் கொடுப்பார்கள்.

அந்த உலகத்து மக்கள் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கிணற்றடியில் ஒரு கிழவர், "வடக்கு ரோடு அடைச்சிருக்கு" என்பதற்கு மேல் பேச மாட்டார். எங்கள் முன்னிருக்கை எழுத்தரும் அப்படித்தான். சண்டையிலும் ஒழுங்கு உண்டு. ஒருவர் வெட்டும்வரை மற்றவர் தம் முறைக்காகக் காத்து நிற்பார். ஒரே ஒரு முறைகேடு, கதாநாயகன் யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பெட்டியைத் திறந்து இருப்பதை எடுத்துக்கொள்வான். எங்கும் கையெழுத்துப் போட மாட்டான். அதைச் சுட்டிக்காட்டினேன். "அவன் உலகத்தைக் காப்பாத்தப் போறவன்ங்க" என்றாள் மனைவி. காப்பாற்றப் போகிறவர்களுக்குப் பதிவேடு கிடையாதா என்று கேட்டேன். அதற்குள் சண்டையில் அவள் முறை வந்துவிட்டது.

எனக்குப் பிடிபடாதவர்கள் வில்லன்கள்தான். எந்தப் பருவத்திலும் கறுப்பு அங்கி. அடிப்பதற்கு முன் இரண்டு பக்கம் பேச்சு. உலகத்தை அழித்தபின் எங்கே உட்காரப் போகிறார் என்ற கேள்விக்கு ஒருவரிடமும் திட்டமில்லை. செத்தாலும் முடியாது, உருமாறி எழுந்து வருவார். அதையும் அடித்தால் மூன்றாவது உருவம், பின்னால் ஆர்கன் இசை. முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, மறுசீராய்வு மனு என்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் என்னிடமும் ஒரு வில்லன் ஒப்படைக்கப்பட்டிருந்தார்.

எங்கள் பதிவறை எழுத்தர். கோப்புகளைக் காப்பவர். கழுத்தில் துண்டு, மூக்கில் பொடி, வாயில் வசவு. கோப்பு கேட்டுப் போகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "இது என்ன சந்தையா? சீட்டு எங்க?" என்பார். சீட்டு எழுதித் தந்தால் கையெழுத்து புரியவில்லை என்று திருப்புவார். அவருக்காகப் பரிந்து பேச அலுவலகத்தில் ஆளில்லை. செண்பகத்தோப்பு அடிவாரத்தில் பட்டா நிலத்துக்கும் காட்டுக்கும் நடுவில் எல்லைக்கல் எங்கே என்ற தகராறு கோர்ட்டுக்குப் போய், பழைய கோப்பை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. கோப்பு இல்லை. நகர்வுப் பதிவேட்டில் அது வெளியே போனதற்கான பதிவும் இல்லை. பதிவறை எழுத்தர் மேல் 17பி குறிப்பாணை போட்டார்கள்.

அரசு ஊழியர்களுக்கு 17பி பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 17ஏ என்றால் கண்டிப்பு, மிஞ்சினால் ஊதிய உயர்வு நிறுத்தம்; 17பி என்றால் வேலையே போகலாம். அதிலும் அவருக்கு ஜூன் மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குள் விசாரணை முடிந்து விடுபடாவிட்டால், கடைசி நாள் சாயங்காலம் பூமாலைக்குப் பதில் சஸ்பென்ஷன் உத்தரவைக் கொடுத்து, ஓய்வு பெற அனுமதிக்காமல் நிறுத்தி வைக்கலாம். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர் அதன்பின் எங்கள் வராந்தாவிலேயே அலைய வேண்டும். விசாரணை அலுவலராக என்னைப் போட்டார்கள். விதிகள் தெரிந்தவன் நான் என்பது காரணம். நானும் அதை மறுக்கவில்லை.

முறைப்படி விசாரித்தேன். இருபத்திரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றே: "எனக்குத் தெரியாது. பதிவேட்டுல பாருங்க." சுருக்கெழுத்தர் பத்தாவது கேள்விக்குப் பிறகு 'மேற்படி' என்று எழுத ஆரம்பித்துவிட்டார். சாட்சிகள் மூன்று பேர் உற்சாகமாக வந்து, கோப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஆள் மோசம் என்றார்கள். குற்றச்சாட்டு நிரூபணமானது என்று அறிக்கையின் வரைவை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

அன்று மாலை வீட்டில் ஒரு மாறுதல் நடந்திருந்தது. கிராஃப் நோட்டு மடியில் இருக்க, மனைவி டிவியைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஊரை எரிச்சது தளபதி இல்லீங்க. ராஜா. தளபதி எரிக்க மாட்டேன்னு சொன்னவரு. அதுக்குத்தான் அவரைத் துரத்தியிருக்காங்க."

"யார் சொன்னா?"

"கிணத்தடிக் கிழவரு. ஒரு தடவ பேசிட்டு வந்துட்டேன், பாருங்க. எல்லார்கிட்டயும் ரெண்டு தடவ பேசணும். ரெண்டாந்தடவ வேற சொல்லுதாங்க. ரோட்ட அடைச்சது ராஜாவோட ஆளுங்கன்னு அவரு அப்பமே சொல்லியிருப்பாரு. நான்தான் கேக்கல."

முப்பது மணி நேரமாகத் தப்பான ஆளைத் துரத்திக்கொண்டிருந்ததில் அவளுக்கு வருத்தம். மரக்கத்தி கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம்தான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வில்லனுக்கும் ஒரு முன்கதை வைப்பது ஜப்பான்காரர்களுடைய வழக்கம் என்பது அடுத்த கேசட்டுகளில் தெரிந்தது. சின்ன வயதில் யாரோ அவரை ஏமாற்றியிருப்பார்கள், அல்லது அவர் காத்த ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இதற்காக அவரை மன்னிக்க வேண்டும் என்று விளையாட்டு கேட்பதில்லை. கேட்ட பிறகு அடி என்கிறது. எங்கள் ஒழுங்கு நடவடிக்கை விதிகளிலும் அதே சொல்லியிருக்கிறது. வேறு வாக்கியத்தில்.

குற்றம் சாட்டப்பட்டவரோடு விசாரணை அலுவலர் தனியாகப் பேச விதியில் இடமில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே மறுநாள் மதியம், அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு கடை தள்ளிப் பால்கோவாவுக்குப் பால் சுண்டிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். குடையை மடக்கி முழங்கையில் மாட்டிக்கொண்டேன். டீ சொன்னேன். நான் வாங்கித் தரும் டீ வேண்டாம் என்று, கடைக்காரரிடம் தன் கணக்கில் வேறு டீ சொன்னார்.

சுருக்கெழுத்தர் இல்லை, காகிதம் இல்லை, கோப்பு எங்கே போயிற்று என்று மட்டும் கேட்டேன்.

துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"ஒம்பது வருசத்துக்கு முன்ன ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு. சீட்டு எழுதல. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுதேன்னாரு. அந்த நாளை இன்னும் வரல."

"யாரு?"

"அப்ப அசிஸ்டெண்டா இருந்தாரு. செண்பகத்தோப்புக்கு ஃபாரஸ்ட்காரவியளோட எல்லைக்கல் பாக்கப் போனாரு. வெயிலோ மழையோ, கறுப்புக் குடை இல்லாம வெளிய எறங்க மாட்டாரு."

என் முழங்கையைப் பார்க்கத் தேவையில்லாமல் அவர் டீயைக் குடித்தார்.

எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கூட்டுத் தணிக்கைக்குப் போனது, அடிவாரத்தில் மழை பிடித்தது, வனத்துறைச் சாவடியில் ஒதுங்கியது, நனைந்த கோப்பை அங்கே காயப்போட்டது. அடுத்த வாரம் பதவி உயர்வு உத்தரவு, வேறு ஊர். சீட்டில்லாமல் ஒரு கோப்பையும் எடுக்காதவன் என்று என்னைப் பற்றி நானே இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களும் நம்பினார்கள்.

"இதை விசாரணையில ஏன் சொல்லல?"

"விசாரிக்கது நீங்க. எழுதுதது நீங்க. நான் யாருகிட்டச் சொல்ல?" கிளாஸைக் கீழே வைத்தார். "அதோட, நீங்களா எப்பக் கண்டுபிடிக்கியன்னு ஒரு இது. எம்புட்டு நாள் ஆகுதுன்னு பாப்பம்னு இருந்தேன்."

வேலையே போகும் நிலையில் ஒருவர் அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் முழுதாகப் புரியவில்லை. நல்லவர் என்று சொல்ல மாட்டேன். திரும்பி நடக்கும்போது, வெயிலுக்குக் குடை தேவைப்பட்டது. விரிக்கவில்லை.

அறிக்கை மேஜை இழுப்பறையில் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போட்டு அனுப்பினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் பிறகு சொன்னாலும் தண்டனைக்குப் பயந்து சொல்வதாகக் கோப்பில் ஏறும். அப்படி ஏற்றுவதற்கான வாக்கியம்கூட எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் ராஜாவின் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"செத்த இருங்க, சேவ் பண்ணிட்டு வாரேன்" என்றாள். அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. அதற்கென்று உள்ள இடத்துக்கு நடந்து போக வேண்டும். நடந்து போய், சேமித்து, டிவியை அணைத்துவிட்டுத் திரும்பினாள். எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டாவது தடவையில், நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்றதை நானே சேர்த்துச் சொன்னேன். முதல் தடவையில் விட்டிருந்தேன்.

"அவருக்கு எப்ப ரிட்டயர்மெண்ட்?"

"பதினோரு நாள் இருக்கு."

"அப்ப நாளைக்கு லீவு போட்டுட்டுச் செண்பகத்தோப்புக்குப் போங்க."

போனேன். சாவடியில் இளவயதுக் காவலர் ஒருவர் இருந்தார். பழைய கோப்பு ஏதாவது என்று நான் தயங்கியபோது, அவர் தயங்காமல் உள்ளே போய், மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி அடியில் இருந்ததை எடுத்து வந்தார். ஓரம் கரையான் அரித்திருந்தது. உள்ளே என் பென்சில் குறிப்புகள். எங்கள் அலுவலகத்தில் இல்லாத அந்தக் கோப்பு, அந்தச் சாவடியின் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இருந்தது. விளக்கு ஒன்று, வாளி ஒன்று, பழைய கோப்பு ஒன்று. மாறுதலாகிப் போன ஒவ்வொரு காவலரும் வந்தவரிடம் அதை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார். ஒன்பது வருடமாக அதற்கு முறையாகக் கையெழுத்துப் போடாதவன் நான் ஒருவன்தான்.

நானும் ஒரு ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

சாட்சியாக இருப்பவர் விசாரணை அலுவலராக இருக்கக் கூடாது. அந்த விதியைச் சுட்டி, என்னை விடுவிக்கும்படியும், கோப்பை எடுத்துச் சென்றவன் நானே என்றும் மேலதிகாரிக்கு எழுதினேன். அவர் என்னைக் கூப்பிட்டு, கோப்பு கிடைத்துவிட்டதே, பதிவறையிலேயே கிடந்ததாக வைத்துக்கொள்ளலாமா என்று அன்பாகக் கேட்டார். ராஜாக்கள் எல்லா நாட்டிலும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். அப்படி வைத்தால், பதிவறையிலேயே கிடந்ததைத் தேடித் தராதவர் என்று எழுத்தர் மேல் உள்ள 17பி அப்படியே நிற்கும் என்றேன். ஓய்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் மேலிருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் கண்காணிப்பாளர் என்ற முறையில் நான் பேச வேண்டியிருந்தது. கடமை தவறாதவர் என்றேன். ஏற்புரையில் அவர், இந்த ஆபீஸில் சீட்டு எழுதத் தெரிந்தவன் ஒருத்தனும் கிடையாது என்று மட்டும் சொல்லி, மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, மழை வருமுன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். என்னோடு கை குலுக்கவில்லை.

ஜூலையில் என் மேல் 17ஏ வந்தது. அதன் வாசகத்தை நானேதான் எழுத வேண்டியிருந்தது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் படிவம் தெரியாது. குறிப்பாணையை எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, எனக்கே சார்வு செய்து, அதாவது என் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். மழை, பஸ், பதவி உயர்வு, பணிச்சுமை, இருபது வருடச் சேவை என்று நாலு பக்கம் வந்தது. நன்றாகவும் வந்திருந்தது.

மனைவி சிவப்புப் பேனாவோடு படித்தாள். டிவியில் ராஜா மூன்றாவது உருவத்தில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"கடைசிச் சண்டைக்கு முன்னாடி அவிய பேசுவாகள்ல, அது மாதிரியே இருக்குங்க" என்றாள். "நீளம்."

வேறு தாள் எடுத்து மூன்று வரி எழுதினேன். சீட்டில்லாமல் எடுத்தேன். திருப்பித் தரவில்லை. மறந்துவிட்டேன்.

ஊதிய உயர்வு ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. அந்த உத்தரவையும் நான்தான் டைப் செய்யக் கொடுத்தேன்.