பள்ளிப்பட்டில் கிடைக்காத கல்

கல் பொறுக்குகிறவர்களில் யோக்கியன் கிடையாது. என்னை வைத்தே சொல்கிறேன். நல்ல கல் கிடைத்த இடத்தைச் சொல்லச் சொன்னால், பெற்ற தாயிடம்கூட ஊர் பெயரை மாற்றித்தான் சொல்வோம்.

சித்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் சயின்ஸ் வாத்தியார். என் நண்பன் அங்கேயே தமிழ் வாத்தியார், திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் பைபிளை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுப்பேன். அவன் சைக்கிளோடு வாசலில் நிற்பான். யார் எங்கே கிணறு வெட்டினாலும் எங்களுக்குத் துக்கச் செய்தி மாதிரி உடனே வந்துவிடும். கிணறு வெட்டினால் பாறை உடையும், பாறை உடைந்தால் படிகம் வெளியே வரும்.

வெங்கச்சங்கல் என்று பிள்ளைகள் பொறுக்கி எறிகிற வெள்ளைக் கல்தான் படிகக் குடும்பத்தின் ஏழை உறவு. அதே வகைதான் தண்ணீர் மாதிரி தெளிந்தால் ஸ்படிகம், ஊதா ஏறினால் செவ்வந்திக்கல், இளஞ்சிவப்பானால் பலமனேர் சாலையோரத்தில் நாங்கள் மடி மடியாகக் கட்டி வந்த ரோஸ் கல், இருண்டால் புகைப்படிகம். ஸ்படிகம் நாக்கில் வைத்தால் ஜில்லென்றே இருக்கும், கண்ணாடி உடனே சூடாகிவிடும். இந்த அறிவைத் திருச்சானூர் கடையில் ஒரு ஜபமாலையை நக்கிக் காட்டி நான் நிரூபித்தேன். கடைக்காரர் அடிக்க வந்தார். மாலை கண்ணாடிதான், ஆனால் அதை நின்று சொல்ல அவகாசம் இல்லை.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு உண்டு. கல்லின் வகை, கிடைத்த ஊர், கண்டெடுத்தவர். நாங்கள் ஆரம்பித்தபோது சித்தூர் மதராஸில் இருந்தது. பிறகு ஆந்திரம் என்றார்கள். அதற்குள் எல்லையை மறுபடி பிரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊரை மையில் எழுதுவோம், மாநிலத்தை மட்டும் பென்சிலில் எழுதுவோம். கல் கோடிக்கணக்கான வருஷம் ஒரே இடத்தில் கிடந்ததுதான். எங்கள் அழிரப்பர்தான் தேய்ந்துபோனது.

சேர்ந்து பொறுக்கியதெல்லாம் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் இரண்டு பெட்டிகளில் இருந்தது. "இந்த வூட்ல அரிசிய வுட கல்லுதான் ஜாஸ்தி" என்பாள் என் மனைவி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

ஒரு ஞாயிறு நண்பனுக்குப் பொன்னுக்கு வீங்கி. நான் தனியாகப் பங்காருபாளையம் போனேன். ஒரு மாந்தோப்பில் புதுக்கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே கொட்டியிருந்த செம்மண்ணில் கிடந்தது அந்தக் கல். ஒரு சாண் நீளம், ஆறு பட்டை, லேசான புகை நிறம். கண்ணருகே பிடித்தால் மாமரம் முழுவதும் உள்ளே தெரிந்தது. நுனி மட்டும் உடைந்திருந்தது. அதைவிட நல்ல கல் அதற்குப் பிறகும் என் கையில் வரவில்லை.

அடுத்த வாரமும் தனியாக வந்து உடைந்த நுனியைத் தேட வேண்டும் என்று ஆசை. வீட்டுக்கு வந்து தேய்த்துக் கழுவி, சீட்டில் 'பள்ளிப்பட்டு ஆற்றோரம்' என்று எழுதினேன். மையில்தான் எழுதினேன். வீக்கம் வற்றி வந்த நண்பன் கல்லை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வரும் ஞாயிறு பள்ளிப்பட்டுக்கே போகலாம் என்றான்.

போனோம். ஒரு ஞாயிறல்ல, நான்கு ஞாயிறு. சித்திரை வெயிலில், தண்ணீரில்லாத ஆற்றில், கிடைக்காது என்று தெரிந்த கல்லை நான் குனிந்து தேடினேன். முதுகுத்தோல் உரிந்தது. அவன் கரையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் மேலே பார், அந்த மேட்டைப் பார் என்று வழிகாட்டிக்கொண்டிருந்தான். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது எனக்கு. நான் மாந்தோப்புக்கு மறுபடி போய்ச் சேர்ந்தபோது கிணற்றுமண்ணை வண்டியில் அள்ளிப் போயிருந்தார்கள்.

சில வருஷங்கள் கழித்து எல்லை ஒருவழியாக முடிவானது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் மதராஸுக்கு, சித்தூர் ஆந்திராவுக்கு. எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்புகள் குறைந்துகொண்டே வந்தன. நண்பன் திருத்தணியில் வேலை தேடிக்கொண்டான். கற்களைப் பிரிக்க வேண்டிவந்தது.

யோசனை அவனுடையது. பெரியவர்கள் பிரித்தபடியே நாமும் பிரிக்கலாம், அந்தப் பக்கத்து ஊரில் கிடைத்த கல் அவனுக்கு, இந்தப் பக்கத்து ஊரில் கிடைத்தது எனக்கு என்றான். சந்தோஷமாகத் தலையாட்டினேன். நல்ல ஊதாக்கல்லெல்லாம் இந்தப் பக்கம். பாதிப் பெட்டி பிரித்த பிறகுதான் புகைப்படிகத்தின் சீட்டில் நான் எழுதியிருந்தது நினைவு வந்தது.

அவன் புகைப்படிகத்தைக் கையில் எடுத்தான். சீட்டை நிதானமாகப் படித்தான்.

"பள்ளிப்பட்டு ஆத்தோரம். சரிதானே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பங்காருபாளையம் இந்தப் பக்கம்; அந்த ஒரு நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கல் எனக்கு. ஆனால் இத்தனை வருஷமாக உன்னை ஏமாற்றினேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்லா, நண்பனா என்று நான் தராசு பிடித்ததாக எண்ண வேண்டாம். மானம் போகுமே என்றுதான் பயந்தேன்.

"சரிதான்" என்றேன்.

அவன் அதைத் துண்டில் சுற்றித் தன் பக்கம் வைத்தான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லுக்கே இந்தப் பாடா என்றாள் மனைவி.

அடுத்த பொங்கல் விடுமுறையில் திருத்தணிக்குப் போனேன். அவன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி வைத்த அலமாரி. நடுத்தட்டில் அந்தக் கல் நின்றுகொண்டிருந்தது. கூர்மையான நுனியோடு நின்றது. பசை ஒட்டிய கோடு மெல்லிசாகத் தெரிந்தது. கீழே அவனுடைய மணியான கையெழுத்தில் ஒரு புதுச் சீட்டு: புகைப்படிகம், பங்காருபாளையம், மாந்தோப்புப் புதுக்கிணறு. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

காபி டம்ளரோடு உட்கார்ந்தேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொத நாளே. கல்லு இடுக்குல செம்மண்ணு ஒட்டிக்கினு கீது. பள்ளிப்பட்டு ஆத்துல செம்மண்ணு ஏது?" என்றான். இந்தப் பக்கத்தில் செம்மண்ணில் எங்கே புதுக்கிணறு என்று விசாரித்து, பொன்னுக்கு வீங்கி வடிந்த மூன்றாம் நாளே போய் நுனியை எடுத்து வந்துவிட்டானாம்.

"அப்போ அந்த நாலு ஞாயிறு?"

"நீயா சொல்லுவேனு பாத்தேன். நாலு வாரம் பாத்தேன். அப்பறம் பங்கு போடற அன்னிக்கும் பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். மன்னித்துக்கொள் என்ற சொல் தொண்டைவரை வந்து, காபியோடு உள்ளே இறங்கிவிட்டது. அவன் அலமாரியைத் திறந்து கல்லை எடுத்து, சீட்டோடு என் மடியில் வைத்தான். ஊர்க்கணக்குப்படி இது உன்னுடையது, எடுத்துப் போ என்றான். வேண்டாம் என்று சொல்வதுதான் மனிதனுக்கு அழகு. நான் பையை விரித்தேன்.

திரும்பும்போது புது எல்லையில் பேருந்தை நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறார்களா என்று சோதனை. காவலர் என் பையைத் தூக்கிப் பார்த்து, ஏன் இவ்வளவு கனம் என்று தெலுங்கில் கேட்டார். துண்டை அவிழ்த்தேன். கல்லையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பங்காருபாளையத்துக் கல் திருத்தணியிலிருந்து ஏன் வருகிறது என்றார்.

யாரும் என்னிடம் அவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

"நான் என் ஸ்நேகிதனிடம் பொய் சொன்னேன். அதனால்தான்" என்றேன், தெலுங்கிலேயே. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

காவலர் பையின் அடியைக் கையால் தடவிப் பார்த்தார். அரிசி இல்லை என்று உறுதியானதும் போகச் சொல்லிவிட்டார்.