அப்பாவைப் பார்த்துப் படித்த வார்த்தைகள்

துப்பாக்கிக்காரர்கள் எங்கள் தீவு நாட்டின் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த வருஷம், லவுட்டோகாவில் அக்கா வேலை செய்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். எங்கள் ஊரான ட்ராசாவில் சுற்றியிருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கும் ஒரு வழி தெரிந்தது. நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். போனில் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார்கள், திருப்தியாக இருந்தால் விசாவுக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

அக்கா ஆறாம் வகுப்போடு நின்றவள். அம்மா இறந்ததும் அவள் அடுப்படிக்குப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். குடும்பத்தில் முதலில் படித்தவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அப்போதுதான் ஆசிரியர் வேலையில் சேர்ந்திருந்தேன். இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று அவளைவிட நான்தான் துடித்தேன்.

சாயங்காலம் அவள் ரொட்டி தேய்ப்பாள். நான் அகராதியோடு பக்கத்தில் உட்காருவேன். முதியோர் இல்லத்தில் அதிகம் தேவைப்படுவது உடம்பில் பலம் குறைவதைச் சொல்லும் வார்த்தைகள்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இந்தியில், அப்பாவிடம் மட்டும் தமிழ். இந்தியில் எங்களுக்குக் 'கம்ஜோர்' என்ற ஒரு சொல்லே போதும். காய்ச்சலில் படுத்தவனும் கம்ஜோர், பட்டினி கிடந்தவனும் கம்ஜோர், கிழவனும் கம்ஜோர். ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்கள். தூங்கி எழுந்தால் போய்விடுவது டயர்ட். தூங்கியும் போகாதது வீக். கண் இருட்டிக்கொண்டு வருவது ஃபெயிண்ட். வோர்ன் அவுட் என்பது தேய்ந்துபோன செருப்புக்கும் பொருந்தும், மனிதனுக்கும் பொருந்தும். காய்ச்சலில் துவண்ட வாலிபனை ஃப்ரெயில் என்று சொல்லக் கூடாது, அது காற்றடித்தால் விழுந்துவிடுகிற வயதுக்கு.

ஒரு கிழவர் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறார், நர்ஸிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். யோசிக்காமல், "ஹி இஸ் டோப்ட், சிஸ்டர்" என்றாள். ராத்திரி முழுக்க கிராக் என்கிற வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டுக் காலையில் துவண்டு கிடப்பவனை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அங்கே போய்ச் சொன்னால், கிழவருக்குப் போதை மருந்து கொடுத்தது யார் என்று போலீஸ் வரும் என்றேன். ரொட்டி கருகும் வரை சிரித்தோம்.

அடுப்படி வாசலில் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருப்பார். வாழ்நாளெல்லாம் கரும்பு வெட்டியவர். அப்போதெல்லாம் குளிக்கப் போகவே அக்காவின் தோள் தேவைப்பட்டது. எனக்கு உதாரணம் வேண்டியிருந்தது, அவர் எதிரிலேயே இருந்தார். தட்டில் பாதியை வைத்துவிட்டார், என்ன சொல்வாய்? எழும்போது கை நடுங்குகிறது, இப்போது? என்ன பேசிக்கொள்கிறோம் என்று அவர் கேட்டால் அக்கா தமிழில் சொல்வாள்: "ஒண்ணுமில்லேப்பா, பாடம்."

ஒரு நாள், களைத்து நிற்பவனை நீராவி தீர்ந்துபோன எஞ்சினாகச் சொல்லும் ஆங்கில வழக்கு ஒன்று வந்தது. அதை மட்டும் அவருக்கு விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஆமா. அந்தக் காலத்துக் கரும்பு ரயிலு மேட்டுலே நின்னுடும். நாங்க எறங்கி சுருட்டு குடிப்போம். அப்புறம் ஆவி ஏறிடும், போயிடும்" என்றார்.

மறுவாரம் ஃபெயிலிங் என்ற வார்த்தைக்கு வந்தோம். பரீட்சைக்கு மட்டும் இல்லை, உடம்புக்கும் சொல்வார்கள் என்றேன். இன்றைக்குப் போன பலம் நாளைக்குத் திரும்பாது, ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் போகும், அதற்குத்தான் அந்தச் சொல் என்று விளக்கினேன். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். மடியில் பாதித் தட்டு அப்படியே இருந்தது. அந்த வார்த்தையை அவள் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பாடம் ஒப்பிக்கிற குரல் இல்லை அது.

அடுத்த நாள் நான் அகராதியை எடுத்தபோது, போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். நான் இருக்கிறேனே என்றேன். பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டாள். போனிலாவது பேசிவிடு என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். நான் ரிசீவருக்குக் காதைக் கொடுத்தபடி நின்றேன். அக்கா நன்றாகவே பேசினாள். வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டதுண்டா என்று இல்லத்திலிருந்து பேசிய அம்மாள் கேட்டாள். "எஸ், மை ஃபாதர்." இப்போது அவர் எப்படி இருக்கிறார்?

"ஹி இஸ்..." என்று தொடங்கி அக்கா நின்றுவிட்டாள். டயர்ட் என்று நான் உதட்டை அசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் ஹலோ, ஹலோ என்று கேட்டது.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சொல்லு பாப்பா. பெயிலிங். அதானே?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் போனில் சொன்னாள். பிறகு நான் கற்றுக்கொடுக்காததையெல்லாம் சொன்னாள், உடைந்த ஆங்கிலத்தில்: கஞ்சி எவ்வளவு இறங்கும், எழும்போது எந்தக் கையைப் பிடிக்கவேண்டும், கரும்பு வெட்டிய காலத்தில் அவர் எப்படி இருந்தார். அந்தப் பக்கம் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். வேலை உண்டு என்றார்கள்.

அப்போதும் அக்கா போகமாட்டேன் என்றாள்.

"நெதம் கேட்டுக்கிட்டுதானே உட்காந்திருந்தேன். எனக்குத் தெரியாதா? நீ போ. இவ்வளோ படிச்சவன், என்னைக் குளிப்பாட்டவும் படிக்கட்டும்" என்றார் அப்பா.

நான் நடந்து போய்வரும் தூரத்துப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். மத்தியானம் ஓடி வந்து கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பலாம். அக்கா போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். முதலில் தனக்குத்தான் என்று அப்பா கையை நீட்டுவார். இப்போது ரிசீவரை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்படிப்பா இருக்கே என்று அவள் கேட்பது எனக்கும் கேட்கும்.

"டயர்ட்" என்பார். "சும்மா டயர்ட். தூங்கினா சரியாப்பூடும்."

எல்லா வார்த்தையும் தெரிந்தவள் அவள்.

"சரிப்பா, தூங்கு" என்பாள்.